எண்பத்தெட்டாம் வரியைத் தொடாதீர்கள்

என் அப்பாவுக்கு அலுவலகத்தில் 'பூட்டு' என்று பெயர். மென்பொருள் வேலை. இந்த ஆட்கள் எல்லாவற்றையும் சொந்தமாக எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் இரவல். யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல்களை, லைப்ரரி என்பார்கள், எடுத்துக் கோத்துக்கொள்வார்கள். எந்த லைப்ரரி, எத்தனையாவது பதிப்பு என்று ஒரு கோப்பில் எழுதி, அந்த எண் மாறாமல் பூட்டி வைப்பது அப்பா. நூற்று நாற்பத்து மூன்று வரி. ஓர் எண் பிசகினாலும் மொத்த மென்பொருளும் எழுந்திருக்காமல் படுத்துவிடும்.

அதில் எண்பத்தெட்டாம் வரிக்குக் கீழே அப்பா எழுதியிருந்தார்: 'தொடாதீர்கள். காரணம் உண்டு.'

அதையே ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் இருந்த கடைசி வாழைப்பழத்தில் ஒட்டினேன். பழம் கறுத்துப்போகும் வரை அப்பா தொடவில்லை.

"காரணம் இருக்கும்னு நெனச்சேன்மா" என்றார். இவரை ஏமாற்றுவதில் ஒரு பெருமையும் இல்லை.

புது மேலாளர் வந்தார். சாப்பாட்டு மேசையில் இருந்த லேப்டாப்பில் அவர் குரல் கேட்டது.

"எண்பத்தெட்டுல அந்தத் தேதி கணக்குப் போடற லைப்ரரி ஏன் சார் இன்னும் 2.4லயே நிக்குது? ஊரே ஆறாவது பதிப்புக்குப் போயிடுச்சு."

"தொடக் கூடாது சார். காரணம் இருக்கு."

"என்ன காரணம்?"

அப்பா தம்ளரை எடுத்துக் குடித்தார். அது காலித் தம்ளர்.

"நாளைக்கு மூணு மணிக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா புதுசு போட்டுடலாம். அந்த ஃபைலையும் வேற யாராவது பாத்துக்கட்டும்."

அந்தக் கோப்பு இல்லாவிட்டால் அப்பா அங்கே வெறும் நாற்காலி.

மறுநாள் காலையில் பழைய மாற்றங்களின் பட்டியலைத் தோண்டிக்கொண்டிருந்தார். யார், எப்போது, எதற்காக எதை மாற்றினார்கள் என்று அதில் இருக்கும்.

"ஒண்ணும் ஞாபகம் வரலம்மா."

"ஒன்பதாவதையே ரெண்டாவது தடவ படிக்கிறவகிட்ட வந்து ஞாபகத்தப் பத்திப் பேசறீங்களே."

பன்னிரண்டு வருடம் பின்னால் போனதும் அகப்பட்டது. 2.7 என்பது 2.4 ஆகியிருந்தது. எதற்காக என்ற இடத்தில்: 'ட்ட்ட்ட்ஜஜ்ஜ்ஜ்ஜ44'.

"இது என்னப்பா, கொட்டாவியா?"

அப்பா தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"புதன்கிழமை, சாயங்காலம் நாலே கால். உங்கம்மாவுக்கு டூட்டி. நீ என் மடியில."

எனக்கு அப்போது வயது மூன்று. இரவல் சாமானுக்கும் இரவல் உண்டாம். அச்சு லைப்ரரியும் படம் வரையும் லைப்ரரியும் இந்தத் தேதி லைப்ரரியைத்தான் நம்பியிருந்தன. எந்தப் பதிப்பு என்பதில் இரண்டுக்கும் இரண்டு வாரமாக எலியும் பூனையும். நான் தட்டிய 2.4இல் சமாதானமாகிவிட்டன. மறுநாள் எல்லாம் ஓடுவதைக் கண்ட அப்பா, ஏன் என்று பார்க்கப் பயந்து, 'தொடாதீர்கள்' என்று எழுதிவிட்டார்.

பதினைந்து வயது வரை நான் செய்த சேட்டைகளில் இதுதான் பெரியது. எனக்கே தெரியாமல் போய்விட்டது.

"ஏதாவது புளுகுங்கப்பா. பாதுகாப்பு, கீதுகாப்புன்னு பெரிய வார்த்தையா நாலு விடுங்க. நானே எழுதித் தரேன்."

"உன் கையெழுத்து எனக்கே புரியாதே" என்றார். மூன்று மணிக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நகத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

"உங்க பொண்ணா?" என்றார் மேலாளர்.

"ஆமா சார். இப்ப வளந்துட்டா."

மேலாளர் அங்கேயே ஆறாம் பதிப்பைப் போட்டுப் பார்த்தார். இருநூற்றுப் பதினான்கு பிழை. 2.5 போட்டார், தொண்ணூறு. 2.3 எழுந்திருக்கவே இல்லை. மறுபடி 2.4. ஓடியது. லேப்டாப்பில் யாரோ சிரித்தார்கள்.

"சரி சார், ஃபைல் உங்ககிட்டயே இருக்கட்டும். காரணத்த மட்டும் எழுதிடுங்க."

அப்பா எழுதினார்: 'தொடாதீர்கள். காரணம்: என் மகள், வயது மூன்று.'

"ஒன்பதாவது ஃபெயிலுன்னும் போடுங்க."

"அது இந்த லைப்ரரிக்குத் தேவையில்லம்மா."

மாலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். புது வாழைப்பழம், அதில் அப்பாவின் கையெழுத்தில் சீட்டு: 'தின்னவும். காரணம் வேண்டாம்.'

தின்றேன். தோலை அவர் செருப்புக்குள் வைத்தேன்.