காற்று வரும் மழைக்கோட்டு

மழைக்கோட்டு தைக்கிறவனை வருஷத்தில் மூன்று மாதம்தான் ஊர் நினைக்கும். அதுவும் பெரும்பாலும் திட்டுவதற்காகத்தான் நினைக்கும்.

இங்கே எழுதப்போகிற விஷயங்களில் ஒன்றை நானே பல வருஷங்களாகச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். நான் தைத்த முதல் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் மழையில் சைக்கிள் மிதித்தும் சட்டை நனையவில்லை என்று என் மனைவியின் அண்ணன் ஏழுமலை சொன்னார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் நான் கடை நடத்தினேன். அது நிஜம்தானா என்று அவரிடம் கேட்க எனக்கு வெகுகாலம் வாய் வரவில்லை. நமக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த ஒரு வார்த்தையைக் கிளறிப் பார்க்கப் பயந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மர ஸ்டாண்டு

எண்பத்தொன்பதில் தேரடித் தெருவில் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். கார்த்திகை மாதத்தில் துணி எடுக்க வருகிறவர்கள் மழைக்கோட்டைக் கழற்றும்போது பார்ப்பேன். வெளியே மழை, உள்ளே வேர்வை. இரண்டில் எதில் நனைந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அப்போது கிடைத்த கோட்டுகள் எல்லாம் மூட்டை கட்டியதுபோல இருக்கும், உள்ளே காற்றுப் போக வழியே இருக்காது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. முதுகில், தோளுக்குக் கீழே, குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிவிட வேண்டும். அந்த இடத்தில் கொசுவலைத் துணி வைத்துத் தைத்து, மேலே மூடி மாதிரி ஒரு மடிப்பைத் தொங்கவிட வேண்டும். காற்று வரும், தண்ணீர் மடிப்பின் மேலேயே வழிந்துவிடும். ஊசி குத்திய ஓட்டைகளை அடைக்க, சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை வாங்கித் தையல் முழுக்கத் தடவினேன்.

வீட்டு வாசலில் மர ஸ்டாண்டில் கோட்டை மாட்டி, உள்ளே தினசரித் தாள் ஒன்றைச் சுற்றிவைத்தேன். என் மனைவி வசந்தா ஸ்டூல் மேல் ஏறி நின்று, பூவாளியால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். தாளை எடுத்துப் பார்த்தால் அப்போதுதான் அச்சடித்தது போல மொரமொரவென்று இருந்தது. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் கடை போடுவதென்று முடிவு செய்தேன். வசந்தா ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னாள்: "அது மரம். அதுக்கு வேர்க்கவும் வேர்க்காது, அது எங்கயும் போவவும் போவாது. பாத்துக்கோங்க."

இஸ்திரி மடிப்பு

ஏழுமலைக்கு ஊர் அடி அண்ணாமலை. அப்போது அவர் சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் இருந்த விடுதிகளுக்கும் வாடகை அறைகளுக்கும் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். முதல் கோட்டை அவருக்குத்தான் தைத்துக் கொடுத்தேன். மறுநாள் விடிந்ததிலிருந்து நல்ல மழை. பத்து மணிக்கு மழை விட்டதும் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். நானும் வசந்தாவும் வாசலுக்கே வந்துவிட்டோம். "மூணு மணி நேரம், மாப்ள, நல்ல மழை," என்று சட்டையைத் தொட்டுக் காட்டினார். காய்ந்துதான் இருந்தது.

இன்னொன்றையும் பார்த்தேன். சட்டைக் கையில் கத்தி மாதிரி இஸ்திரி மடிப்பு நின்றது. விடிகாலையில் மாடு கறந்து, இரண்டு கேன் பாலைத் தூக்கி இறக்கி, அத்தனை தூரம் மிதித்தவர் சட்டையில் அந்த மடிப்பு எப்படி நிற்கும்? சின்ன வயசிலிருந்தே துணியோடு பழகியவன் கண்ணுக்கு அது தப்புமா? கேட்கலாம் என்று வாய் திறந்தேன். பக்கத்தில் வசந்தா சிரித்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டேன். ஏழுமலை காப்பியைக் குடித்துவிட்டு, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்: "பொட்டு ஈரம் இல்ல மாப்ள, பொட்டு ஈரம் இல்ல!"

நின்றால் நல்ல கோட்டு

அந்த வார்த்தையைத் தகரப் பலகையில் பெயிண்டால் எழுதி மாட்டினேன்: 'மூன்று மணி நேர மழையிலும் பொட்டு ஈரமில்லை.' மாவட்டம் புதிதாகப் பிரிந்து, ஆபீஸ் வேலைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். வேங்கிக்கால் பக்கம் குடிவந்த ஒரு கிளார்க் மொபெட்டில் வந்து ஒன்று வாங்கினார். நான்காம் நாள் அதே மொபெட்டில் முதுகெல்லாம் சட்டை ஒட்டிக்கொள்ளத் திரும்பி வந்தார்.

நான் அவரிடம் என்ன கேட்டேன் தெரியுமா? "மேல் பட்டனைப் போட்டீங்களா?" என்று கேட்டேன். போட்டேன் என்றார். "வேகமாப் போனீங்களா?" என்றேன். மொபெட்டில் என்ன வேகம் என்றார். கடைசியில், கோட்டைப் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை என்று அர்த்தம் வருகிறமாதிரி ஏதோ சொல்லி, மூன்று மணி நேரம் மிதித்தும் நனையாத என் மைத்துனரின் கதையையும் சொன்னேன். மனிதர் கோபப்படவில்லை. கோட்டை மடித்து என் மேஜை மேல் வைத்தார். "மாஸ்டர், வண்டியில போவாம ஒரே இடத்துல நின்னுக்கினு இருந்தா, இது நல்ல கோட்டுதான்."

வெள்ளைக்கார அம்மா

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், காற்று வரும் கோட்டு என்று கேள்விப்பட்டு வந்து ஒன்று வாங்கினார். வருஷா வருஷம் வந்துபோகிறவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். மழையில் மலை சுற்றிவிட்டு, மறுநாள் அதைச் சொல்லவென்றே சிரித்துக்கொண்டு கடைக்கு வந்தார். அந்தச் சிரிப்பு கேலியா, அன்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு விரலை நீட்டினார், பிறகு இரண்டாவது விரலையும் நீட்டினார்: "காத்து நல்லா வருது. தண்ணியும் நல்லா வருது."

நர்சம்மாவின் நோட்டு

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கிராமங்களுக்குத் தடுப்பூசி போடப் போகும் நர்ஸ் ஒருவர், லேடீஸ் சைக்கிளில் போய்வருவார். பெயர் கலா. புடவைக்கு மேல் போட்டுக்கொள்ள லூசாக ஒன்று வேண்டும் என்றார். உள்பக்கம் நோட்டு வைக்க ஒரு பையும் தைத்துத் தரச் சொன்னார். வழக்கமாக நோட்டை ஒரு பாலித்தீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு போகிறவர் அவர். "அந்தக் கவர் எல்லாம் இனிமே எதுக்கு சிஸ்டர்?" என்றேன். பலகையைக் காட்டினேன். ஏழுமலை கதையைச் சொன்னேன். அப்போதெல்லாம் அந்தக் கதையில் மூன்று மணி நேரம் நாலு மணி நேரமாகியிருந்தது.

பத்து நாள் கழித்து வந்தார். முதுகு வழியாக இறங்கிய தண்ணீர் பை முழுக்கத் தேங்கிவிட்டது. நோட்டைப் பிரித்துக் காட்டினார். எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி போட்டது என்பதெல்லாம் நீல மையில் எழுதியிருந்தது. பக்கம் பக்கமாக நீலம் மட்டும்தான் மிச்சம். மூன்று ஊருக்கு வீடு வீடாகத் திரும்பப் போய், தாய்மார்களைக் கேட்டு எழுதவேண்டும். கேட்டால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. அப்படித் தாய் மறந்துபோன பிள்ளைக்கு ஊசி போட்டதா, போடவில்லையா? நான் சொல்யூஷன் சரியாகக் காய்ந்திருக்காது என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் நோட்டை மூடினார். குரலை உயர்த்தவே இல்லை: "நீங்க சொன்னீங்கன்னுதான் மாஸ்டர், கவரை வீட்லயே வெச்சுட்டுப் போனேன்."

சைக்கிள் மேல் அளவு

அதுவரை நான் என் கோட்டைப் போட்டுக்கொண்டு மழையில் போனதே இல்லை. எதற்குப் போவேன்? கடையும் வீடும் ஒன்றுதான். நர்சம்மா போன அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் மிதித்தேன். எதிர்க்காற்று. நாலு பர்லாங் தாண்டுவதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. நின்றால் கீழே தொங்குகிற மூடி, குனிந்து மிதித்தால் முதுகு மேலே கூரை ஓடு மாதிரிப் படுத்துக்கொள்கிறது. முன்பக்கம் புகுந்த காற்று கோட்டை உப்பவைத்து, மூடியைத் தூக்கிவிடுகிறது. மழை நேராகக் கொசுவலையில் விழுகிறது. தையல்காரனுக்கு எல்லா மனிதர்களும் கையை லேசாக விரித்து நிமிர்ந்து நிற்கிறவர்கள்தான். அப்படித்தானே அளவெடுக்கிறோம்? மழையில் எவனும் அப்படி நிற்பதில்லை. குனிகிறான், மிதிக்கிறான், எதையாவது தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

முதுகு ஓட்டையை எடுத்துவிட்டேன். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தேன். பின்பக்கம் நாலு அங்குலம் நீளம் கூட்டினேன். கடைக்குள் ஒரு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, கோட்டு தைக்க வருகிறவர்களை அதன் மேல் உட்காரவைத்து, ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொல்லித்தான் அளவெடுத்தேன். ஊரே வேடிக்கை பார்த்தது. கறிகாய் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர், சைக்கிளில் உட்கார்ந்தபடியே பெல்லை அடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னா மாஸ்டர், இன்னும் துணியே வெட்டல, அதுக்குள்ள என்னை ஊருக்கு அனுப்பறீங்க?"

கலா சிஸ்டரின் பதில்

புது மாதிரியில் முதலில் தைத்ததை எடுத்துக்கொண்டு கலா சிஸ்டரைத் தேடிப் போனேன். போட்டுப் பார்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே போனதும், துணி நல்ல துணி என்று துணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் கோட்டை மடித்துக் கூடையில் வைத்தார். "நல்லா இருக்கு மாஸ்டர். ஆனா கவரும் எடுத்துக்கினுதான் போவேன், தப்பா நெனக்காதீங்க."

கேட்ட கேள்வி

புதுக் கோட்டு நன்றாகவே ஓடியது. மழையில் நனையாமல் வந்ததாக ஆட்கள் தாங்களாகவே வந்து சொன்னார்கள். ஆனால் பலகையில் இருந்தது பழைய கோட்டைப் பற்றிய வார்த்தை. அதைக் கழற்றவில்லை. நல்ல சரக்கைப் பொய்யான சாட்சியோடு விற்றுக்கொண்டிருந்தேன். பெயிண்டு மங்கியபோது ஆளைக் கூப்பிட்டுத் திரும்ப எழுதவைத்தவனும் நான்தான்.

போன மழைக்காலத்தில், ஐம்பது தாண்டிய தைரியத்தில், அடி அண்ணாமலைக்குப் போனேன். ஏழுமலை பால் வியாபாரத்தை எப்போதோ விட்டுவிட்டார். கிரிவலப் பாதையில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். பௌர்ணமி அல்லாத நாள், ஆள் நடமாட்டம் இல்லை. தூறிக்கொண்டிருந்தது. "வாங்க மாப்ள," என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார். டீ வந்ததும், "மச்சான், அன்னிக்கு அந்தச் சட்டை..." என்று ஆரம்பித்தேன். எந்தச் சட்டை என்று அவர் கேட்கவே இல்லை.

"மாத்திக்கினுதான் மாப்ள வந்தேன்," என்றார். "தொப்பலா நனஞ்சுட்டேன். ஊட்டுக்குப் போயி தலையத் தொவட்டி, பெட்டிலருந்து ஒரு சட்டை எடுத்துப் போட்டுக்கினேன். நீங்க இருந்த வேலைய உட்டுட்டு வந்து குந்தியிருந்தீங்க. தங்கச்சி வேற வாசல்ல நின்னுக்கினு என் மூஞ்சியே பாக்குது. நான் இன்னா சொல்லட்டும்?"

"பதினஞ்சு வருஷத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு டீயை ஆற்றினார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் ஒரு தடவை சொன்ன பொய்யை நான் எத்தனையோ தடவை, நேரத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். பொய்யை ஆரம்பித்தவர் அவராக இருந்தாலும் அதற்கு ஓட்டை தெரியாமல் சொல்யூஷன் தடவி வந்தவன் நான்தான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஆயுசில் பாதி ஆகிவிட்டது.

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான், உண்மையில் நான் கேட்க வந்தது எது என்று எனக்கே தெரிந்தது. அதைக் கேட்டேன்:

"நனஞ்சுட்டேன்னு அன்னிக்கே என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, நான் காது குடுத்துக் கேட்டிருப்பனா மச்சான்?"