இரவல் குரல்

பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகப் பொறுக்கி அடுக்குவதே என் தொழிலாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கடலூரில் ஓர் அச்சகத்தில் சேர்ந்த நான், கல்யாணப் பத்திரிகைகளிலிருந்தும் கருமாதிப் பத்திரிகைகளிலிருந்தும்தான் உரைநடை கற்றேன். பிரதியில் உள்ளது உள்ளபடி அச்சேற வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ அச்சுக் கோப்பவனுக்கு உரிமையில்லை. இந்த ஒழுக்கம் என் எலும்பில் ஊறியிருந்தது. இதனால் ஒரு நடிகருடைய வாழ்வு கெடக்கூடும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை.

அந்த நடிகர் எனக்கு மச்சான் முறை. கடலூரை அடுத்த ஒரு மீனவர் குப்பத்தில் நாங்கள் இருவரும் பிறந்தோம். அவருடைய தாயார் என் தந்தைக்குப் பங்காளி வழித் தங்கை. ஆகவே எனக்கு அத்தை. மீன் கூடையைத் தலையில் சுமந்து கடலூர் மஞ்சக்குப்பத்துத் தெருக்களில் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர்.

அச்சக வேலை போக மிஞ்சிய நேரத்தில் நான் நாடகங்கள் எழுதினேன். எங்கள் சிறிய குழுவுக்கு மச்சான்தான் நகைச்சுவை நடிகர். ஒரு நாடகத்தில் தபால்காரர், கல்யாணத் தரகர், மாமியார் என மூன்று வேடங்களையும் அவர் ஒருவரே ஏற்றார். மஞ்சக்குப்பம் மைதானத்தில் அது நடந்தபோது, ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து, தபால்காரர் உடையில் நின்ற மச்சானிடமே, "அந்த மாமியாரா நடிச்சவரக் கொஞ்சம் கூப்புடுங்க, கை குடுக்கணும்" என்று கேட்டார். மச்சான் முகம் மாறாமல், "அவுங்க கோவிச்சுக்கிட்டுப் பொண்ணு ஊட்டுக்குப் போயிட்டாங்க" என்றார்.

2004ஆம் ஆண்டில் அவருக்குச் சென்னையில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் இடம் கிடைத்தது. எதற்கெடுத்தாலும் மயங்கி விழும் சமையல்காரர் வேடம். அந்த ஆண்டின் கடைசியில்தான் கடல் எங்கள் ஊருக்குள் வந்தது. பிறகு நெடுநாள் நாங்கள் தகரக் கொட்டகைகளில் இருந்தோம். அங்கே பொதுவில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. எல்லாரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார, அத்தை மட்டும் ஓரமாகத் தூணில் சாய்ந்து, காதைக் கொடுத்திருப்பார். சர்க்கரை நோய் அவர் கண்களை அதற்குள் வாங்கியிருந்தது.

ஒரு முறை அந்தச் சமையல்காரர் பெண் வேடமிட்டு, பெண் குரலில் பேசிக்கொண்டு வந்தார். "யாருடி இது புதுசா?" என்று பெண்கள் விழித்தார்கள். அத்தை இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "எம்புள்ளதான். பேசறதுக்கு முன்ன மூக்கால ஒரு இழுப்பு இழுக்கறான் பாரு. ரெண்டு வயசுல புடிச்ச சளி, இன்னும் வுடல." கொட்டகையே சிரித்தது.

மூன்றாண்டுகள் கழித்துத் திரைப்பட வாய்ப்பு வந்தது. கிராமத்துப் போலீஸ்காரர் வேடம், பத்துக் காட்சிகள். படப்பிடிப்பு முடிந்து, குரல் பதிவுக்கு அவரைக் கூப்பிட்ட நாளில், அவர் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். "ஒத்துக்கிட்ட மேடை மச்சான், வுட்டுட்டுப் போவ முடியாது" என்று கூறி, மறுநாள் முதல் பேருந்தில் சென்னைக்குப் போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் வேறொருவர் அவருக்காகப் பேசி முடித்திருந்தார்.

திரும்பி வந்தவர் கடலூர்ப் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் என்னிடம் மட்டும் அதைச் சொன்னார்.

"என் வாயில வேற ஒருத்தன் பேசறான் மச்சான்."

"பார்க்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"எவனுக்கும் தெரியாது. வாயசைவுக்குக் கச்சிதமா பேசி வெச்சிருக்கான் படுபாவி. என்னவிட ஒரு டிகிரி ஜாஸ்தியாவே பேசியிருக்கான்." சிரித்தார். பிறகு என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். "அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். நீ முன்கூட்டிச் சொல்லிடாத. அவுங்களே கண்டுபுடிச்சு, எவன்டா அவன்னு என்னைக் கேக்கணும். அது ஒண்ணு போதும் எனக்கு. அந்தத் தெம்புல அடுத்த படத்துல நானே பேசுவேன்னு சண்ட போட்டு வாங்கிடுவேன்."

படம் வெளியான அன்று குப்பமே இரண்டு டெம்போக்களில் மேளத்தோடு கடலூருக்குப் புறப்பட்டது. மச்சான் சென்னையில் வேலையாக இருந்தார். அத்தை பெட்டியிலிருந்த நீலப் புடவையை உடுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு திரையரங்கின் படிகளை ஏறினார். திரையில் நடப்பதை அவருக்குச் சொல்லும் பொறுப்பு எனக்கு.

போலீஸ்காரர் சைக்கிளோடு சேற்றில் விழுந்து எழுந்தார். எங்கள் ஆட்கள் போட்ட கூச்சலில் கூரை அதிர்ந்தது. எழுந்தவர் பேசத் தொடங்கினார். என் முழங்கையின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்த அத்தையின் விரல்கள் நின்றன.

"மருமவனே, இப்ப நிக்கறது யாரு?"

"மச்சான்தான் அத்தை."

"மொகம் அவன்துதான?"

"ஆமாம் அத்தை."

"அப்ப பேசறவன் எவன்?"

நான் திரையைப் பார்த்தேன்.  அதன் பிறகு எல்லாரும் சிரித்தபோது அத்தையும் சிரித்தார். ஆனால் ஒரு கணம் பிந்திச் சிரித்தார்.

இடைவேளையில் அவர் என்னைத் தம் பக்கம் இழுத்தார். "ஊரே மோளத்தோட வந்திருக்கு. ஆத்தாக்காரி கண்டுபுடிச்சிட்டான்னு தெரிஞ்சா அவன் கூனிப் போயிடுவான். எனக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியவே கூடாது. என் கை மேல அடிச்சிச் சொல்லு."

அவர் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் மகன் காத்திருக்கிறார் என நான் அப்போதே கூறியிருக்கலாம். மச்சான் தடுத்தது முன்கூட்டிச் சொல்வதை மட்டுமே. ஆயினும் ஒருவர் சொல்லை மற்றவரிடம் கொண்டுசேர்க்க எனக்கு உரிமையில்லை என்று எண்ணினேன். இருவருடைய பிரதியையும் ஓர் எழுத்துப் பிசகாமல் காப்பதே நேர்மை என நம்பி, நீட்டிய அந்தக் கையில் அடித்தேன்.

படம் முடிந்து வாசலுக்கு வந்ததும் மச்சான் கைப்பேசியில் அழைத்தார். நான் அதை அத்தையின் காதில் வைத்தேன்.

"நல்லா பேசியிருந்தடா கண்ணு," என்றார் அத்தை. "உன் கொரலு கொட்டாய் முழுக்க நெறஞ்சிடுச்சு."

 மறுமுனையிலிருந்து "சரிம்மா" என்று ஒரே சொல். அத்தை கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, தம்மோடு வந்திருந்த தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு டெம்போவை நோக்கி நடந்தார்.

"மச்சான், அவுங்களுக்குக் கொஞ்சங்கூட சந்தேகம் வரலியா?"

"ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க" என்றேன். அவர் கேட்டதற்கு அது விடையன்று. அவர் அதையே விடையாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த படத்தில் அவர் சண்டை போடவில்லை. "யார வேணா பேச வெச்சுக்கங்க" என்று அவரே சொல்லிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். பேசத் தேவையில்லை என்றான நடிகருக்குப் பேச்சில்லாத வேடங்களே வந்தன. நாய் துரத்த ஓடுபவர், கிணற்றில் தள்ளப்படுபவர், கூட்டத்தில் அறை வாங்குபவர். தொடரும் முடிந்தது. நான் புதிதாக எழுதிய நாடகத்தைக் கொண்டுபோனபோது, பக்கங்களைப் புரட்டாமலே திருப்பிக் கொடுத்தார். "என் கொரலுக்கு ஒரு அடையாளமும் இல்ல மச்சான். வேற ஆளப் பாரு." 2010இல் அவர் மனைவியின் ஊரான சிதம்பரத்துக்கே குடிபெயர்ந்து, பேருந்து நிலையத்துக்கு அருகில் ஜெராக்ஸ் கடை வைத்தார்.

மாதந்தோறும் தாயைக் காண வந்தார். வந்தவர் வாசலில் நின்று, "அம்மா, நான் உன் பெரிய மவன் வந்திருக்கேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பின்னர் அத்தை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "இன்னா இவன், கரண்டு கணக்கெடுக்க வர்றவனாட்டம் வாசல்ல நின்னு சொல்லிட்டு வர்றான்? பொண்டாட்டி ஊருக்குப் போனதுல நான் அசலாயிட்டனா?"

அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது எனக்கு விளங்கியது. தன் குரல் தாய்க்குத் தெரியாது என்று முடிவு செய்த மகன் வேறு எப்படி உள்ளே வருவார்? அன்றும் நான் வாய் திறக்கவில்லை. சத்தியம் சத்தியமாகவே இருந்தது.

2012இன் தொடக்கத்தில் அத்தை காலமானார். சத்தியம் வாங்கியவர் போனபின் அது தீர்ந்தது எனக் கருதி, கருமாதியன்று கடற்கரையில், மொட்டையடித்த தலையோடும் ஈர வேட்டியோடும் உட்கார்ந்திருந்த மச்சானிடம் எல்லாவற்றையும் கூறினேன். நின்ற விரல்களை, கேட்ட கேள்வியை, அடித்த கையை.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"மொத வார்த்தையிலயேவா கண்டுபுடிச்சாங்க?"

"முதல் வார்த்தையிலேயே."

முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "ஆத்தா புள்ளைக்கு மறைக்கறா, புள்ள ஆத்தாளுக்கு மறைக்கறான், நடுவுல ஒருத்தன் ரெண்டு பேருக்கும் சத்தியம் காப்பாத்தறான். இத மேடையில போட்டா ஜனங்க உருண்டு பொரண்டு சிரிப்பாங்க." அவர் சிரிக்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்துவிட்டு எழுந்து, சடங்கு செய்பவர்கள் இருந்த பக்கம் போனார்.

இன்றும் நான் எழுதியவற்றைப் படியெடுக்கச் சிதம்பரத்துக்கே செல்கிறேன். கடலூரில் ஜெராக்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை. அவர் என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். "வாங்க, உக்காருங்க. எத்தினி காப்பி வேணும்?" என்று கேட்கிறார். மச்சான் என்று அவர் அழைத்து நாளாயிற்று.