சாரைக்காக இடம் மாறிய கக்கூஸ்

அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தார். நாலு மிளகை உள்ளங்கையில் உருட்டி முகர்ந்தால் போதும், எந்த மலையில் விளைந்தது, எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கூர்மையான மனிதருக்கு அம்மா சொல்வது மட்டும் காதில் விழாது.

அம்மா எட்டு வருடங்களாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டை ஒட்டி ஒரு கக்கூஸ் வேண்டும். எங்களுடையது தோட்டத்தின் கடைசியில், மதில் ஓரத்தில் இருந்தது. அதுவரைக்கும் ஒரு வெட்டுக்கல் பாதை, இரண்டு பக்கமும் சேம்பும் வாழையும் கப்பை என்கிற மரவள்ளியும். மழை பிடித்தால் பாதையில் பாசி படர்ந்து வழுக்கும். கொச்சி மழை எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. வயிறும் மழை விடட்டும் என்று காத்திருக்காது.

"கக்கூஸை ஆத்துக்குள்ள கொண்டு வரதா? பகவானுக்கு விளக்கேத்தற எடம் இது. புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்பார் அப்பா. சொல்லிவிட்டு, வீட்டில் இருந்த ஒரே குடையை எடுத்துக்கொண்டு, பேப்பரை அக்குளில் இடுக்கியபடி அந்தப் பாதையில் நடந்து போவார். அவர் திரும்பி வந்த பிறகு குடை எங்களுக்குக் கிடைக்கும்.

எழுபத்தெட்டாம் வருடம் என்று நினைக்கிறேன். கர்க்கடகம் என்கிற ஆடி மாதத்து மழையில் அம்மா அந்தப் பாதையில் விழுந்து இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். மாவுக்கட்டுடன் ஆறு வாரம் ஒற்றைக் கையால் சமைத்தாள். அப்பாவுக்கும் மனசு கேட்கவில்லை. பாதை நெடுக மூங்கில் குச்சிகளை நட்டு ஒரு கயிறு கட்டிக்கொடுத்தார், பிடித்துக்கொண்டு போவதற்கு. கூடவே இரண்டாவதாக ஒரு குடையும் வாங்கினார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கயிற்றை ஒரு தடவையாவது காட்டாமல் அனுப்பமாட்டார்.

அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்குப் பதின்மூன்று வயது. கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கக்கூஸ் கதவு படாரென்று திறந்தது. பேப்பரையும் சொம்பையும் உள்ளேயே விட்டுவிட்டு, வேஷ்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்பா ஓடிவந்தார். கயிற்றைப் பிடிக்கவே இல்லை. அவர் ஓடி நான் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

உள்ளே பாம்பு. முதலில் அது அவர் கை நீளம் இருந்தது. காப்பி குடித்து முடிப்பதற்குள் ஆள் உயரம் வளர்ந்தது. மத்தியானம் போர்ட் கொச்சியிலிருந்து சித்தப்பா வந்தபோது அது படமும் எடுத்திருந்தது.

பக்கத்து வீட்டுச் சேட்டன் படகுத்துறையில் வேலை பார்ப்பவர். மதில் மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "சாமீ, அது வெறும் சேரயாணு. எலியெ பிடிக்கான் வந்நதா. ஒந்நும் செய்யில்லா." சேர என்றால் எங்கள் சாரைப்பாம்பு. விஷம் கிடையாது, எலி தின்னும், ஆளைக் கண்டால் ஓடிவிடும். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் சித்தப்பா இருந்தாரே. டைப்ரைட்டிங் பள்ளிக்கூடம் நடத்தியவர், தட்டச்சு தவிர எல்லாவற்றையும் பற்றி அபிப்பிராயம் சொல்வார். "சாரைதான். நான் இல்லேங்கலை. சாரைன்னா ஆண். நல்ல பாம்புதான் அதுக்குப் பொண்டாட்டி. ஆம்படையான் இங்க இருக்கான், அப்போ ஆம்படையாள் எங்க?" என்றார்.

சிரித்துக்கொண்டிருந்த சேட்டன் மதிலிலிருந்து இறங்கிவிட்டார். அவர் வீட்டுப் பக்கமும் விறகு அடுக்கி வைத்திருந்தது.

சாரையிலேயே ஆணும் பெண்ணும் உண்டு, அது வேறு இனம், நல்ல பாம்பு வேறு இனம் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னதை நான் சொன்னேன். "ரொம்பப் படிச்சுட்டா" என்றார் அப்பா. அத்துடன் என் விஞ்ஞானம் முடிந்தது.

புருஷனை அடித்தால் பெண்டாட்டி பழி வாங்குவாள். அடிக்காமல் விட்டால் குடும்பம் நடத்தும். இந்தச் சிக்கலில் இரண்டு பெரிய மனிதர்களும் ஒரு வாரம் நல்ல பாம்பு மனைவியைத் தேடினார்கள். சித்தப்பா நீளமான துறட்டியை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே விறகைக் கிளறினார். வாழைக்கடியில் ஒரு பாம்புச் சட்டை கிடைத்தது. நல்ல பாம்பு என்றால் படம் இருந்த இடம் சட்டையில் தெரியாதா என்று கேட்டேன். "படத்தை மடக்கி வச்சுண்டு உரிச்சிருக்கும்" என்றார் சித்தப்பா.

அந்த நாட்களில் அப்பா காலைக்கடனுக்குக் கிடங்குக்கே போய்க்கொண்டிருந்தார், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பாக. அம்மாவும் நானும் எப்போதும் போல அந்தக் கக்கூஸுக்குத்தான் போய்வந்தோம். நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கயிறுதான் இருந்ததே.

கடைசியில் ஆயில்ய நட்சத்திரத்தன்று நாகங்களுக்கு நூறும் பாலும் கொடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. அரிசி மாவு, மஞ்சள், பால், இளநீர் எல்லாம் கலந்து படைக்கிற பூஜை அது. வைப்பின் தீவிலிருந்து ஒரு திருமேனி, நம்பூதிரிப் பூசாரி, படகேறி வந்தார். வாழைக்கடியில் கோலம் போட்டு, மணியடித்து, நாகராஜாவையும் நாகயக்ஷியையும் அழைத்தார். வந்தது பக்கத்து வீட்டுப் பூனைதான். சித்தப்பா துறட்டியால் அதை விரட்டினார்.

பூஜை முடிந்து திருமேனி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே மெதுவாகக் கேட்டாள். "ஒரு சந்தேகம். நாகம் போற வழியில மனுஷா அசுத்தம் பண்ணலாமோ?"

திருமேனி டம்ளரைக் கீழே வைத்தார். "அய்யோ! அது தோஷமாணு. வலிய தோஷம். மாற்றணும்."

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கிடங்குக்கு ஓடி ஓடி இளைத்திருந்த முகம் மலர்ந்துவிட்டது. "நானும் அதைத்தான் நினைச்சுண்டிருந்தேன்" என்றார்.

கிணற்றுப் பக்கம் கட்டக்கூடாது. வாசல் பக்கம் கட்டினால் ஊர் சிரிக்கும். சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் சமையலறையை ஒட்டின விறகுக் கொட்டில்தான் மிஞ்சியது. கூரைக்கு வெளியே ஒரு அடி கூட நனைய வேண்டாம். ஒன்றரை மாதத்தில் வேலை முடிந்தது. முதல் நாள் முதலில் போனது அப்பாதான், பேப்பரோடு. பகவானுக்கு ஏற்றின விளக்கு அப்படியேதான் எரிந்துகொண்டிருந்தது. அது அணையும் என்று எட்டு வருடம் சொன்னவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சர்ப்பங்களின் சுத்தத்துக்காகத் தான் செய்த தியாகத்தைக் கிடங்கில் எல்லாரிடமும் சொன்னாராம்.

எனக்கு அம்மாவின் சாமர்த்தியத்தை நினைத்து ஒரே பெருமை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு பகல் பொழுது, பின்கட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் கப்பை தோல் சீவிக்கொண்டிருந்தோம். பழைய பாதையில் சாரை வந்தது. மஞ்சள் வயிறு, ஆள் நீளம். நான் துள்ளி எழுந்தேன். அம்மா கத்தியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"உக்காருடி. ஒண்ணும் பண்ணாது. நான் எத்தனையோ வருஷமாப் பாத்துண்டிருக்கேன்."

"தெரிஞ்சுமா வாயைத் தொறக்கலை?"

"யார் என்னைக் கேட்டா?" என்றாள். அடுத்த கப்பையை எடுத்துச் சீவியபடி அவளாகவே சொன்னாள். "விழுந்து கையை ஒடிச்சுண்டேனே, அன்னிக்கும் அது வந்தது. எழுந்திருக்க முடியலை, மழையில கெடக்கேன். உங்கப்பாவைக் கூப்பிட்டேன். சாப்பிட்டுண்டிருக்கேன், வரேன்னார். அதுக்குள்ள இது எதிர்ல வந்து தலையைத் தூக்கிப் பாத்தது. அப்பறம் நான் கெடக்கறதைப் பாத்து சேம்புக்குள்ள ஒதுங்கிப் போச்சு."

அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பா சாப்பிட்டு முடித்துத்தான் வந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கயிறு கட்டும்போது குச்சிகளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான், அப்பா எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டு.

"இந்தக் கக்கூஸை அவருக்காகக் கட்டிண்டார். இல்லேன்னா பாம்புக்காகன்னு வச்சுக்கோ" என்றாள் அம்மா. தோலைக் கூடையில் தள்ளிவிட்டுச் சிரித்தாள். "எட்டு வருஷம் கேட்டேன். எனக்குப் பாம்பாப் பொறக்கத் தெரியலை, அதான் தப்பு."