சலவைத்தூள் கம்பெனியில் ஆறுமுகசாமி

டீ வந்ததும் ஆறுமுகசாமி தன் கிளாசைப் பார்க்க மாட்டான். பக்கத்தில் இருப்பவரின் கிளாசைத்தான் பார்ப்பான். அதில் நுரை சற்றுத் தூக்கலாக நின்றால் போதும், அன்றைய டீ அவனுக்குக் கசந்துவிடும். இத்தனைக்கும் டீயின் மேல் அவனுக்குப் பெரிய பிரியம் கிடையாது. பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சுவரோரம் கொட்டிவிடுவான்.

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தென்னந்தோப்பும் மோட்டார் வைத்த கிணறும் உள்ள குடும்பம். பி.காம். கடைசி வருஷம். காலர் அழுக்காகாமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை. சைக்கிளை நிழலில் நிறுத்துவான். பிறகு இதைவிட நல்ல நிழலில் யார் நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்து வருவான். யாரையாவது யாராவது மெச்சிவிட்டால் அவன் வாயில் உடனே வருவது இதுதான்: "அதுலென்னங்க இருக்குது? ஆரு வேணும்னாலும் பண்ணலாம்."

இந்த வருஷம் அவன் கல்லூரியில் ஒரு புது ஏற்பாடு. பட்டம் வாங்கிக்கொண்டு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் வாசலில் போய் நிற்பதைவிடப் பிள்ளைகள் சொந்தத் தொழில் பழகட்டும் என்று, புதிதாக முளைத்த சின்னக் கம்பெனிகளுக்கு அவர்களைச் சனிக்கிழமைதோறும் அனுப்புகிறார்கள். ஆறுமுகசாமிக்கு வாய்த்தது குப்பண்ணனின் சலவைத்தூள் கம்பெனி. குப்பண்ணன் தன் பங்கு வயலை விற்று, பழைய நிலக்கடலைக் கிடங்கு ஒன்றில் அதை ஆரம்பித்திருந்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சோடா உப்பையும் மற்றதையும் மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் கலப்பார்கள். பெண்கள் மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி பிளாஸ்டிக் பையின் வாயை ஒட்டுவார்கள். உள்ளே போய்த் தும்மாமல் வெளியே வந்தவர் கிடையாது.

அதே கம்பெனிக்கு அதே வகுப்பிலிருந்து கத்தரீனாளும் வந்தாள். தையல்காரர் மகள். அதிகம் பேச மாட்டாள். வந்த அன்றே தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு தூள் சலிக்கிற வேலையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அவளை முந்த வேண்டுமென்று ஆறுமுகசாமி விடிந்தும் விடியாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். அவள் அதற்குள் வாசலைக் கூட்டி முடித்திருந்தாள்.

பைக்கு லேபிள் வேண்டும் என்றார் குப்பண்ணன். ஆறுமுகசாமி ராப்பகலாக உட்கார்ந்து ஓர் அன்னப்பறவை வரைந்தான். இறகு இறகாக நீலம் தீட்டினான். கத்தரீனாள் வெறும் எழுத்தைத் தடியாக எழுதிக் கொண்டுவந்தாள், மேலே தமிழும் கீழே மலையாளமும். குப்பண்ணன் இரண்டையும் சுவரில் ஒட்டிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். "பறவ நல்லாத்தானுங்கிருக்குது. ஆனா கடை மேல்தட்டுல வெச்சா அம்மிணியோட எழுத்துத்தான் கண்ணுக்குத் தெரியும்" என்றார். அந்த அன்னத்தை ஆறுமுகசாமி சுருட்டி எடுத்துக்கொண்டு போனவன்தான். அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை.

லேபிள் ஒட்டியும் தூள் விற்கவில்லை. சினிமாக் கொட்டகையில் விளம்பரம் காட்ட வேண்டும் என்று ஆறுமுகசாமி நீளமாகப் பேசினான். கத்தரீனாள் இரண்டு பேசின்களைத் தூக்கிக்கொண்டு வேலந்தாவளம் சந்தைக்குப் போனாள். இந்தப் பக்கத்துக் கிணறுகளில் முக்கால்வாசி உப்புத் தண்ணீர். அதில் சோப்பைப் போட்டால் நுரைக்காது; திரிந்த பால் மாதிரி திரிதிரியாக மிதக்கும். அவள் ஒரு பேசினில் சோப்பும் மற்றதில் தூளும் போட்டு, சந்தைக்கு வந்த பெண்களின் கண்முன்னே அழுக்கு வேட்டியைத் துவைத்துக் காட்டினாள். கொண்டுபோன பை ஒன்றும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து குப்பண்ணனுக்கு எதற்கெடுத்தாலும் "அம்மிணி என்ன சொல்லுது?" என்பதே பேச்சு. அதைக் கேட்கும்போதெல்லாம் ஆறுமுகசாமிக்குப் பற்றிக்கொண்டு வரும். மார்க்கில் அவள் முந்தியபோதுகூட அவனுக்கு இப்படி எரிந்ததில்லை. யோசனை கேட்பதென்றால் அவளைத்தானே கேட்கிறார்!

பொள்ளாச்சியிலிருந்து ரத்தினசாமி என்கிற மொத்த வியாபாரி நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அவர் எடுத்துக்கொண்டால் கம்பெனி நிற்கும்; இல்லாவிட்டால் கிடங்கைப் பூட்ட வேண்டியதுதான்.

"அம்மிணி, நீதான் தொவச்சுக் காட்டோணும்" என்றார் குப்பண்ணன். பிறகு திரும்பி, "ஆறுமுகம், நீ தண்ணி எடுத்து வெச்சுரு கண்ணு."

தண்ணீர் எடுத்து வைக்கிற வேலை! அவன் குடத்தோடு வெளியே போனான். பக்கத்து டீக்கடையில் வண்டியில் வந்த நல்ல தண்ணீர் பீப்பாய் நிறைய இருந்தது. கிடங்கின் உப்புக் கிணற்றுத் தண்ணீரைத் தூள் போடும் பேசினில் ஊற்றினான். சோப்புக்கு வைத்த பேசினில் டீக்கடைத் தண்ணீரை ஊற்றினான்.

ரத்தினசாமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். கத்தரீனாள் சோப்பைத் தேய்த்தாள். வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"ஏனுங்க குப்பண்ணா, சோப்பே இத்தன நல்லா நுரைக்குதே. அப்பறம் இந்தத் தூளு எதுக்குங்க?"

கத்தரீனாளின் முகம் வெளுத்ததை ஆறுமுகசாமி ஆசை தீரப் பார்த்தான். அடுத்த நொடி அவன் கண் குப்பண்ணன் பக்கம் போய்விட்டது. அவர் தோள் துண்டை எடுத்து முறுக்கியபடி நின்றார். அவரைப் பார்க்க முடியாமல் ஆறுமுகசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

கத்தரீனாள் அந்தப் பேசினைக் கவிழ்த்துக் கொட்டினாள். குடத்தின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். நிமிர்ந்து ஆறுமுகசாமியை ஒரு தடவை பார்த்தாள்.

"தண்ணி மாறிப்போச்சுங்க. இது டீக்கடைத் தண்ணி. நாந்தானுங்க பாக்காம ஊத்திப்போட்டேன்" என்றாள். குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு நடந்தாள்.

இரண்டாம் முறை சோப்பு திரிதிரியாக மிதந்தது. தூள் நுரைத்தது. ரத்தினசாமி கிணற்றடிவரை போய் வாளித் தண்ணீரை ஒரு மிடறு வாயில் விட்டுத் துப்பிவிட்டு வந்து, "செரி, மொதல்ல ஒரு வண்டி அனுப்புங்க, பாக்கலாம்" என்றார்.

ரத்தினசாமியின் கார் போனதும் குப்பண்ணன் கத்தரீனாளைப் பிடித்துக்கொண்டார். "புத்தி எங்கம்மிணி போச்சு உனக்கு? இன்னைக்கு நா நடுத்தெருவுல நின்னிருப்பனே!" திட்டித் தீர்த்தவர், "போ, போயிச் சாப்புடு மொதல்ல. நீ சோந்துட்டா இந்தக் கம்பெனிய ஆரு பாக்கறது?" என்று முடித்தார். பெற்ற மகளைத் திட்டுவது போல இருந்தது. ஆறுமுகசாமி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நியாயமாக அவனுக்கு வர வேண்டிய திட்டு. அதுவும் அவளுக்கே போய்விட்டது.

சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் சைக்கிளோடு அவளை மறித்தான்.

"எதுக்குங்க என்னையக் காட்டிக் குடுக்காம உட்டீங்க?"

"சொல்லியிருந்தா அண்ணன் இன்னைக்கே உங்களத் தொரத்தியிருப்பாருங்க. வண்டி லோடு ஏத்தோணுமில்லீங்க? அத்தன மூட்டைய நா ஒருத்தியா தூக்கறது?" என்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

பெருந்தன்மையாக அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளை வெறுக்க அவனுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். வீடு சேரும்வரை அவன் சைக்கிளில் ஏறவே இல்லை, தள்ளிக்கொண்டே போனான்.

அடுத்த சந்தைக்கு இரண்டு பேரும் போனார்கள். கத்தரீனாள் கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கூடைகளோடு பெண்கள். ஆறுமுகசாமி சந்தைக் கிணற்றில் சேந்திய குடத்தைத் தோளில் சுமந்துகொண்டு கூட்டத்தை விலக்கி வந்தான். அவள் குடத்தைப் பார்த்தாள். எந்தக் கிணறு என்று கேட்கவில்லை. அவன் அதை இறக்கி வைத்தான். அவள் பார்க்கவே குனிந்து ஒரு கை அள்ளினான். கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

"அய்யய்யோ, அது உப்புத் தண்ணிங்க தம்பி! வாயில வெக்க முடியாதுங்க!" என்று ஒரு பெண் பதறினாள். கூட்டம் முழுக்கக் கத்தரீனாளை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பியது.

ஆறுமுகசாமி இன்னொரு கை அள்ளிக் குடித்தான்.