பதினேழாம் எண் வடிகால்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் படக்காரம்மா. நகராட்சிப் பொறியியல் பிரிவில் வரைபடம் வரைகிறவள் என்பதால் வந்த பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், ஏதோ ஒரு காலத்தில் சினிமாவில் நடித்தவள் போலிருக்கிறது என்று நினைத்து, முதல் ஒரு வாரம் அவள் முகத்தையே உற்று உற்றுப் பார்ப்பார்கள். அவளும் திருத்துவதில்லை. ஒரு வாரம் மரியாதை கிடைத்தால் கிடைத்துவிட்டுப் போகட்டும்.

மாடியில் கடைசி அறை அவளுடையது. சாய்வு மேசை ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, சுவர் நீளத்துக்குத் தட்டையான இழுப்பறைகள். ஊரில் எந்தத் தெருவுக்குக் கீழே எந்தக் குழாய் போகிறது, எந்த மூலையில் விளக்குக் கம்பம் நிற்கிறது என்பதெல்லாம் அந்த இழுப்பறைகளுக்குள் படுத்திருந்தன. தன் கோடு பற்றி அவளுக்குக் கர்வம் உண்டு. வீட்டில் காய்கறி நறுக்கினாலும் எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கும். அவள் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவர் வலது கால் அவ்வப்போது தரையில் பிரேக்கை மிதிக்கும். "உன் கோட்டையும் என் பிரேக்கையும் நம்பித்தான் இந்த ஊர் ஓடுது" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வசனம்.

அந்தக் கோட்டில்தான் இடி விழுந்தது.

நகரத்தின் மழைநீர் வடிகால்களை மேம்படுத்தப் புதிய திட்டம் ஒன்று வந்தது. கூடவே புதிய பொறியாளரும் வந்தார். சட்டையைக் கசங்காமல் உடுத்துகிற, எதையும் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். அந்த அலுவலகத்துக்கு இரண்டுமே புதுசு. முதலில் பதினேழாம் எண் வடிகாலை அகலப்படுத்தலாம் என்று முடிவு செய்தார். காரணம், அந்தத் தெருவிலிருந்துதான் அதிகமான புகார்கள். எல்லாவற்றையும் எழுதியது ஒரே ஆள்தான், ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, எங்கள் தெருவுக்கு வடிகால் வேண்டும் என்று வருஷா வருஷம் எழுதுவார். "தங்கள் தெருவில் ஏற்கெனவே வடிகால் உள்ளது. அதில் குப்பை கொட்டி அடைக்காமல் ஒத்துழைக்கவும்" என்று வருஷா வருஷம் பதில் போகும். பதிலோடு இணைக்கும் வரைபடத்தைப் போட்டுக்கொடுப்பது படக்காரம்மாதான். வடிகாலைச் சிவப்பு மையில் வேறு காட்டியிருப்பாள், பாவம் வயசான மனிதர், கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று.

பொறியாளர் கேட்டதற்காகப் டிரேசிங் தாளில் இருந்த பழைய வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தாள். எதற்கும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று அடி இழுப்பறையிலிருந்து அந்தக் காலத்துத் துணி வரைபடத்தை எடுத்து விரித்தாள். வடிகால்களை எண்ணினாள். பதினாறு. மறுபடி எண்ணினாள். பதினாறுதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்து எண்ணினாள். அப்போதும் துணி மசியவில்லை.

பதினேழு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணிதான் இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில், அந்தக் காலத்தில் ஒட்டிய டேப் துண்டு பழுத்து மஞ்சளாகிக் கிடந்தது. அதன் அடியில் ஒரு நுனி சிக்கியிருக்க, நீளமாக ஒரு தலைமுடி, துணியோடு துணியாக ஒட்டி, அழகாக வளைந்து படுத்திருந்தது.

அவளுக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், மகள் நான்கு மாதக் கைக்குழந்தை. பிரசவ விடுப்பு முடிந்து வந்த மறுநாளே, துணி வரைபடம் நைந்துபோய்விட்டது, ஒரு மாதத்துக்குள் புதிதாக டிரேசிங் தாளில் எடுத்துக்கொடு என்று சொல்லிவிட்டார்கள். குழந்தை இரவெல்லாம் தூங்கவிடாது. பகலில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையை அவள் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு. சீப்பைத் தலையில் வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வரும். கீழே துணி, மேலே டிரேசிங் தாள், நடுவில் ஒரு முடி. தாளுக்கு அடியில் கறுப்பாக என்ன தெரிந்தாலும் அதன்மேல் மைப் பேனாவை ஓட்டுவதுதான் வேலை. ஓட்டியிருக்கிறாள், கொஞ்சம்கூடக் கை நடுங்காமல்.

அளவுகோலை எடுத்து முடியின் மேல் வைத்துப் பார்த்தாள். நாற்பது சென்டிமீட்டர். வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் இருபது மீட்டர். டிரேசிங் தாளைப் பார்த்து எழுதிய வடிகால் பதிவேட்டைப் புரட்டினாள். "வடிகால் எண் பதினேழு. நீளம் எண்ணூறு மீட்டர்."

கணக்கு இம்மி பிசகாமல் பொருந்தியது.

அதோடு நிற்கவில்லை பதிவேடு. ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் "தூர் வாரப்பட்டது" என்று சுகாதார ஆய்வாளரின் கையெழுத்து. ஒரு வருஷம் "கொசு மருந்து தெளிக்கப்பட்டது". இன்னொரு வருஷம், "வடிகாலில் விழுந்த கன்றுக்குட்டி பத்திரமாக மீட்கப்பட்டது".

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவரிடமும் மகளிடமும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மகள் கல்லூரியில் முதல் வருஷம். கேட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து கீழேயே இறங்கிவிட்டாள்.

"அப்ப இத்தனை வருஷமா உன் தலைமுடியைத்தான் ஊரே தூர் வாருதாம்மா?"

"சிரிக்காதடி. எல்லாம் உன்னாலதான். நீ தூங்கியிருந்தா எனக்கு ஏன் இந்த கதி?"

"நாலு மாசக் குழந்தை மேல பழி போடறியே, நியாயமா?"

கணவர் மட்டும் சிரிக்கவில்லை. கால் பிரேக்கைத் தேடியது. "இதோ பாரு, தப்பான தெருவுல நுழைஞ்சாச்சு. இனிமே முன்னால போகப் போகத் திரும்பறதுதான் கஷ்டம். கண்ணாடியைப் பாரு, ஹாரனை அடி, மெதுவா பின்னால எடு. நாளைக்குக் காலையிலேயே அந்தப் பொறியாளர்கிட்டச் சொல்லிடு."

"வேலை போயிடுச்சுன்னா என்னங்க பண்றது?"

"முடி விழுந்ததுக்கெல்லாம் வேலையை விட்டுத் தூக்கினா, எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க" என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை முடியை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பொறியாளர் அறை வாசலில் போய் நின்றாள். "சார், பதினேழாம் எண் வடிகால் விஷயமா ஒண்ணு..." என்று ஆரம்பிப்பதற்குள் அவர், "அங்கதான் கிளம்பறேன், நீங்களும் வரைபடத்தோட வாங்க" என்று எழுந்துவிட்டார். ஜீப்பில் முன்னால் பொறியாளர், பின்னால் அவள், அவள் பக்கத்தில் சுகாதார ஆய்வாளர். எப்போதும் வாய் ஓயாத ஆய்வாளர் அன்றைக்கு நெற்றியில் வியர்வையைத் துடைத்தபடியே வந்தார். அவள் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஜீப் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

தெருவில் கணக்கு வாத்தியார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். "வாங்க, வாங்க! பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையா வந்திருக்கீங்க!"

"வடிகால் எங்க இருக்கு?" என்று கேட்டார் பொறியாளர்.

"அதைத்தான் சார் நான் உங்ககிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பொறியாளர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் திருதிருவென்று முழித்துவிட்டு, "இது... மூடு வடிகால் சார். தரைக்கு அடியில போகுது. வெளிய தெரியாது" என்றார்.

"அப்ப தோண்டிப் பார்த்துடுவோம்."

கடப்பாரையோடு இரண்டு பேர் வந்தார்கள். தெருவே கூடிவிட்டது. மாடிகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள்கூட உண்டு. முதல் குழியில் மண். இரண்டாவது குழியில் கல். மூன்றாவது குழியில் கடப்பாரை 'ணங்' என்றது. அடுத்த நொடி ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"பார்த்தீங்களா சார், தண்ணி! நான்தான் சொன்னேனே!" என்று குதித்தார் ஆய்வாளர்.

வாத்தியார் ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் விட்டுப் பார்த்தார். "இது குடிக்கிற தண்ணி."

குடிநீர்க் குழாய் படக்காரம்மாவின் வரைபடத்தில் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருந்தது. தோண்டும் அவசரத்தில் அதை ஒருவரும் பார்க்கவில்லை. யாரோ வால்வை மூட ஓடினார்கள். அதற்குள் பொறியாளரின் கசங்காத சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. "இன்னும் ரெண்டு இடத்துல தோண்டுங்க" என்றார், முகத்தை வழித்தபடி.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"சார், தோண்ட வேண்டாம். அது வடிகால் இல்லை. என் தலைமுடி."

குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் கொப்பளித்தது. பொறியாளர், வெயிலில் நின்றதில் அந்தம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, "அவங்களுக்கு ஒரு நாற்காலி கொண்டுவாங்க" என்றார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. உறையிலிருந்து முடியை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தாள். தொடங்கிய இடம் முதல் முடிந்த இடம் வரை கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது. பிறகு, பிறந்த குழந்தை, தூங்காத இரவு, டிரேசிங் தாள் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சொல்லி முடித்ததும் பதினெட்டு வருஷத் தூக்கம் வந்தது போல நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

பொறியாளர் நிதானமாக ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

"வருஷா வருஷம் தூர் வாரினீங்களே?"

"பதிவேட்டுல இருக்கிறதைத்தான் சார் வாரினோம்."

"அந்தக் கன்றுக்குட்டி?"

"கன்றுக்குட்டி சத்தியமா நிஜம் சார்" என்றார் ஆய்வாளர் தழுதழுத்த குரலில். "எங்க விழுந்துச்சுங்கிறதுலதான் கொஞ்சம் குழப்பம்."

முதலில் சிரித்தது வாத்தியார்தான். அதுவும் லேசில் நிற்கிற சிரிப்பாக இல்லை. பதினெட்டு வருஷமாகத் தன்னைக் குப்பை கொட்டுகிறவன் என்று எழுதிக்கொண்டிருந்த அலுவலகத்தின் ரகசியம் ஒரு உறைக்குள் இருந்து வந்ததைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் அவள் அருகில் வந்து, "அம்மா, நீங்க அனுப்பின படத்தையெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். ரொம்ப அழகா வரைவீங்க" என்றார். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினாள்.

சிரித்து முடித்ததும் சிக்கல் ஆரம்பித்தது. ஏற்கெனவே இருக்கிற வடிகாலை மேம்படுத்தத்தான் திட்டத்தில் அனுமதி. இல்லாத வடிகாலைப் புதிதாகக் கட்ட வேண்டுமானால் வேறு திட்டம், வேறு கோப்பு, இன்னும் எத்தனை வருஷமோ. பொய் எழுதப் பொறியாளருக்கு வராது. இரண்டு நாள் யோசித்து மேலிடத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார்: "களத்தில் ஆய்வு செய்ததில் வடிகால் எண் பதினேழு மிகவும் மோசமான நிலையில், அதாவது இல்லாத நிலையில் காணப்பட்டது. அதனை இருக்கும் நிலைக்குக் கொண்டுவருவதே உரிய மேம்பாடு எனக் கருதப்படுகிறது."

மேலிடத்தில் அதற்குள் வேறு ஊர்களில் காணாமல் போன நான்கு வடிகால் பற்றி விளக்கம் கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள் போலும். ஒரே வாரத்தில் ஒப்புதல் வந்தது.

படக்காரம்மாவிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தோடு முடியையும் இணைத்து அனுப்பினாள். கோப்பு ஐந்து மேசை ஏறி இறங்கியது. ஒவ்வொரு மேசையிலும் "இணைப்பு பார்க்கப்பட்டது" என்று குறிப்பு. ஐந்தாவது மேசைக்கு மேலே மின்விசிறி இருந்தது. அங்கிருந்து, "இணைப்பைக் காணவில்லை. மீண்டும் ஒன்று அனுப்பவும்" என்று கடிதம் வந்தது. அவள் கண்ணாடி முன்னால் நின்று தேடினாள். அந்த நீளத்துக்குக் கிடைத்தது எல்லாம் நரைமுடிதான். அதையே அனுப்பினாள். நிறம் ஏன் மாறியது என்று யாரும் கேட்கவில்லை. இனி கவனமாக இருக்கும்படி எச்சரித்து விஷயத்தை முடித்துக்கொண்டார்கள். ஆய்வாளருக்கு மட்டும் எச்சரிக்கை இரண்டு பக்கம்.

அடுத்து வடிகால் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற கேள்வி. முடி போன வழியில் தண்ணீர் போகாது. அது நடுவில் ஒரு சலவைக்கடைக்குள் புகுந்து புறப்பட்டது. இந்தத் தடவை எந்தத் தாளையும் நம்புவதில்லை என்று அவள் தீர்மானித்தாள். மழை பெய்த நாளில் குடையோடு தெருவுக்குப் போனாள். வாத்தியார் தன் வீட்டுச் சுவரில் ஒவ்வொரு வருஷத்துத் தண்ணீர் மட்டத்தையும் தேதியோடு கோடு கிழித்து வைத்திருந்தார். எந்த வீட்டில் முதலில் தண்ணீர் நுழையும், எதில் கடைசியில் வடியும் என்பதற்கு நிமிஷக் கணக்கே அவரிடம் இருந்தது. இரண்டு பேரும் காகிதக் கப்பல் செய்து விட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடந்தார்கள். கப்பல் நின்ற இடத்தில் எல்லாம் அவள் குறித்துக்கொண்டாள். செருப்பு ஒன்று தண்ணீரோடு போனது. அது போன திசையையும் குறித்துக்கொண்டாள். அறையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் கோடு போட்டவளுக்கு, தெருவில் நனைந்துகொண்டு போட்ட அந்த ஒரு கோடு கொடுத்த சந்தோஷம் புதிதாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தும்மலுக்கு நடுவே மகளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதத்தில் வடிகால் கட்டி முடித்தார்கள். அடுத்த மழைக்கு வாத்தியார் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கவில்லை. தெருக்கோடியில் ஒரு வீட்டு முன்னால் மட்டும் கணுக்கால் அளவு நின்றது. அதையும் அடுத்த மாதம் சரிசெய்தார்கள். வாத்தியார் ஒரே ஒரு கடிதம் எழுதினார். வடிகாலில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கெடுகிறதாம்.

பொறியாளர் அதைக் கோப்பில் வைத்துவிட்டு, மிச்சப் பதினாறு வடிகாலையும் நேரில் போய்ச் சரிபார்த்து வரும்படி படக்காரம்மாவுக்கும் ஆய்வாளருக்கும் உத்தரவு போட்டார். வியாழக்கிழமைதோறும் இரண்டு பேரும் கிளம்புகிறார்கள். அவள் முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, அதன்மேல் தொப்பியும் வைத்திருக்கிறாள். இதுவரை எட்டு வடிகால் வரைபடத்தில் உள்ளபடியே இருந்துவிட்டன. போன வாரம் ஒன்பதாவதைத் தேடிப் போனார்கள். கொஞ்ச தூரம் ஒழுங்காக வந்த வடிகால், ஒரு பள்ளிக்கூடச் சுவரோரம் திடீரென்று காணாமல் போனது.

படக்காரம்மா கையிலிருந்த துணி வரைபடத்தைப் பார்த்தாள். அதிலும் கோடு இருந்தது. "இது என் வேலை இல்லைப்பா, எனக்கு முன்னால இருந்தவர் வரைஞ்சது" என்றாள் அவசரமாக.

ஆய்வாளர் தன் பதிவேட்டைத் திறந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். மூடினார்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"அதை விடுங்கம்மா. அந்தப் பக்கம் போய்த் தேடுவோம், வாங்க" என்று அவர் முன்னால் நடந்தார்.