சிலுவை போட நின்ற இடங்கள்

ராயபுரத்துக் கத்தோலிக்கர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸில் போனாலும் பைக்கில் போனாலும், கோயிலைக் கடக்கும்போது கை தானாக எழுந்து சிலுவை போட்டுக்கொள்ளும். சைக்கிள் ஓட்டத் தொடங்கிய வருடம் நான் அதை அளவுக்கு மீறிச் செய்தேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். கேபினுக்கு இரும்புப் படிகளில் ஏறித்தான் போக வேண்டும். ஒருநாள் பாதியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். இதயத்தில் கோளாறில்லை, உடம்பில் தெம்புதான் இல்லை என்றார் கம்பெனி டாக்டர். டிரெட்மில் பரிசோதனையில் தேறினால் மேலே. இல்லாவிட்டால் நிரந்தரமாகக் கீழே. அதுவரை கேட்டில் பாஸ் பார்க்கும் வேலை. மேலிருந்து கப்பலைப் பார்த்துப் பழகியவனுக்கு லாரி டயரைப் பார்த்துக்கொண்டிருப்பது அவமானமாக இருந்தது.

வாரம் தவறாமல் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கிளம்புவேன். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், கடைசியில் நெட்டுக்குப்பம். கன்டெய்னர் லாரிகளுக்கு ஞாயிறும் ஓய்வு கிடையாது. வழியில் மாதா சொரூபம் வைத்த கெபி வந்தால் இறங்கி, சிலுவை போட்டு, கண்மூடி நிற்பேன். அந்தச் சாலையில் இத்தனை கெபிகள் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மாதக்கணக்கில் ஓட்டியும் எந்தப் படியில் ஏறினாலும் பழைய கதைதான். ஒரு ஞாயிறு மனைவி ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். எண்ணூருக்கு முன்னால் ஒரு கெபியில் நான் இறங்க, அவளும் வண்டியை நிறுத்தினாள்.

"இன்னாய்யா, சாமி கும்புட நிக்கிறியா, மூச்சு வாங்க நிக்கிறியா?"

"சாமிதான்."

"டிரெட்மில்லுல கெபி கீதா?"

கோபம் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து இறங்குவதை விட்டேன். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை நெற்றியில். கால் மிதித்துக்கொண்டே இருக்கும். முதலில் எண்ணூரைத் தாண்ட முடியாமல் திரும்பினேன். மழைக்காலம் முடிவதற்குள் நிற்காமல் நெட்டுக்குப்பம் போய்ச் சேர்ந்தேன்.

டிரெட்மில்லில் தேறினேன். மறுநாள் படியேறியபோது நடுவில் உட்காரவில்லை. கேபினில் உட்கார்ந்ததும் கண் கலங்கியது. வெயில் என்று சமாளிக்கவும் அங்கே ஆள் இல்லை.

அந்த ஞாயிறு, அதே கெபியில் இறங்கினேன். பின்னால் வந்த மனைவி, "இப்போ இன்னா?" என்றாள். மூச்சு சீராகத்தான் இருந்தது. அத்தனை மாதம் இங்கே கண்மூடி நின்றும் ஒரு வார்த்தைகூட வேண்டிக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"சாமிதான்" என்றேன்.

அவள் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.