நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே இருந்த கறை

ஆத்தப்பனுடைய கைக்கடிகாரத்தின் டயலில், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு கறை இருந்தது. டீயைச் சிந்திவிட்டுப் பாதி துடைத்தது போல ஒரு மஞ்சள் திட்டு. ஊரார் துணியில் விழுந்த கறையையெல்லாம் முப்பத்தோரு வருஷம் எடுத்துக்கொண்டிருந்த மனிதர், தன் கையில் இருந்ததை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார். கேட்டால், "நேரம் தெரியுதல்லங்க, அப்பறம் என்ன?" என்பார்.

அவருடைய வேலை அப்படிப்பட்டது. பனியன் கம்பெனியில் தைத்து முடித்த உருப்படிகள் செக்கிங் மேசைக்கு வரும். எங்காவது எண்ணெயோ கிரீஸோ பட்டிருந்தால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, செக்கிங் பெண்கள் ஆத்தப்பன் பக்கம் தள்ளிவிடுவார்கள். இடது கையால் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருக்கும் ஸ்ப்ரே கன்னால் கெமிக்கலைப் பீய்ச்சுவார். கறையின் ஓரத்தில் தொடங்கி நடுவுக்குப் போக வேண்டும். நடுவில் அடித்தால் அது இன்னும் நாலு அங்குலம் பரவிக்கொண்டு உட்காரும். கறை போனதும் ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். அங்கே ஒரு கறை இருந்தது, அதை ஒரு ஆள் எடுத்தான் என்பதற்கு எந்தச் சுவடும் இருக்கக்கூடாது. இருந்தால் அது வேலை இல்லை.

கெமிக்கல் துணியோடு நின்றுவிடாது. புகைபோல எழும்பி இடது மணிக்கட்டில் இறங்கும். தோல் வெளுத்து உரியும். கடிகாரக் கண்ணாடியின் விளிம்பில் எங்கோ மயிரிழைச் சந்து இருந்திருக்க வேண்டும். அது வழியாக உள்ளே புகுந்து, வருஷக் கணக்கில் டயலின் மேற்பூச்சைத் தின்று, அந்த மஞ்சள் திட்டை வைத்தது.

கடிகாரம் அவர் வாங்கியதல்ல. முதலாளி குமாரசாமிக்குக் கல்யாணத்தில் மாமனார் போட்ட சீமைக் கடிகாரம் அது. வெள்ளி நிற டயல், மெலிந்த கறுப்பு எண்கள், தினமும் சாவி கொடுக்க வேண்டும். தொண்ணூற்று மூன்றில் கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தபோது, நாலாயிரம் வெள்ளை டீ-ஷர்ட்டிலும் நிட்டிங் மெஷின் எண்ணெய் கோடு கோடாக இறங்கியிருந்தது. தூத்துக்குடியில் கப்பல் காத்திருந்தது. மற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். சாமளாபுரத்துத் தறிக் குடும்பத்திலிருந்து வந்து சேர்ந்து ஐந்து வருஷமே ஆகியிருந்த ஆத்தப்பன் மட்டும், "பாக்கலாமுங்க" என்று உட்கார்ந்தார். மூன்று நாள். கடைசிப் பெட்டியை ஒட்டியபோது குமாரசாமி எல்லார் முன்னிலையிலும் தன் கையிலிருந்ததைக் கழற்றி அவர் கையில் கட்டினார். "மூணு நாளா இதையே பாத்துப் பாத்து எனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சு ஆத்தப்பா. இனி இது உன்றது."

மனைவி சாரதாமணி அன்றைக்கே சொன்னாள்: "பொழுதுக்கும் வேல வாங்கறவரு மணி பாக்கறதுக்கும் குடுத்துட்டாரு. நல்ல மனுசந்தான்."

பிறகு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. 2019-ல் மாடிப்படி ஏற முடியாமல் வேலையை விட்டார். ஆஸ்பத்திரியில், எங்கே, எத்தனை வருஷம், என்ன கெமிக்கலோடு வேலை செய்தார் என்று கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேரே இல்லீங்களே. நீங்க காண்ட்ராக்ட்காரர் ஆளுங்க" என்றார்கள். அந்தக் காண்ட்ராக்ட்காரர் செத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. பெரிய முதலாளியைப் பார்க்கலாமென்றால், அவருக்கு நினைவு தப்பியிருந்தது. ஆத்தப்பனைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார், யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்தார்.

முப்பத்தோரு வருஷமும் எந்தத் தாளிலும் இல்லை. ஆத்தப்பன் இதை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது திடீரென்று, "செக்கிங்ல எல்லாரும் பாத்தாங்கல்ல சாரதா?" என்பார். அவளும் சலிக்காமல், "பாத்தாங்க, பாத்தாங்க. சோத்தத் தின்னுங்க" என்பாள்.

இந்த நிலையில்தான் போன தை மாதம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வர்ஷினி என்ற பெண். குமாரசாமியின் மகன் வேல்குமாருக்கு ஆபீஸ் காரியமெல்லாம் பார்ப்பவள்.

"அங்கிள், அவிநாசி ரோட்டுல புது பில்டிங் திறக்கிறோம். ரிசப்ஷன்ல பெரியவரோட பொருளெல்லாம் கண்ணாடிப் பெட்டியில வெக்கிறோம். அவரோட கல்யாண வாட்ச் உங்ககிட்ட இருக்காமே?"

"எனக்குக் குடுத்தாருங்க."

"தெரியும் அங்கிள். அந்த ஆர்டர் கதைய பழைய டெய்லர் ஒருத்தர் சொன்னார். வாட்ச் பக்கத்துல ஒரு கார்டு வெப்போம்."

ஆத்தப்பன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "அதுல என்ற பேரு வருமுங்களா?"

"கண்டிப்பா அங்கிள். கதைதானே முக்கியம்!"

அன்றைக்கு முழுக்க அவர் உட்காரவில்லை. ஒரு தாளில், கண்ணாடிக்குள், வெளிநாட்டுக்காரர்கள் வந்து படிக்கிற இடத்தில் தன் பெயர். ஆஸ்பத்திரிக்காரன் கேட்டால்கூட, போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லலாம். சாயங்காலம் கடிகாரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான், இத்தனை வருஷம் பொருட்படுத்தாத கறை கண்ணை உறுத்தியது. கறையோடு ஒரு பீஸை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

வேலம்பாளையத்தில் பசீர் அகமது பேட் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தார். பனியன் கழுத்தின் உட்புறம் சைஸும் நாட்டின் பெயரும் அச்சடிக்கிற வேலை. செதுக்கிய தகட்டில் மை இருக்கும். வழவழப்பான சிலிக்கான் மொட்டு ஒன்று குனிந்து அதைத் தொட்டெடுத்துத் துணியில் வைத்துவிட்டு நிமிரும். கடிகார டயலில் எண் அச்சாவதும் இதே விதத்தில்தான் என்று தெரிந்த நாளிலிருந்து, பழைய கடிகாரங்களைச் சரிசெய்வது அவருக்குப் பிடித்த காரியமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்தால் அதற்குத்தான் உட்காருவார்.

பசீர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "அண்ணா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இதுல கை வெக்க வேண்டாம்."

"ஏன் பாய், முடியாதுங்களா?"

"முடியும். ஆனா இது ஒரிஜினல் டயலு. பழைய வாட்ச்சோட அருமை தெரிஞ்சவன் கறையோடதான் வேணும்பான். வயசான ஆளுக்கு மை பூசி மாப்பிள்ளையாக்கற கதையாயிரும். இந்தக் கறை எப்படி வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுதில்ல? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"கறை எடுக்கறவன் கறையோட கொண்டுபோய்க் குடுத்தான்னு சொல்லுவாங்க பாய். கார்டுல என்ற பேரு வருதுங்க."

"பேரு வர்றதுன்னா இன்னும் யோசிக்கணும்ணா. குடுக்கறப்ப எழுதி வாங்கிட்டுக் குடுங்க."

"பெரியவரு ஊட்டுல போயி எழுதி வாங்கறதுங்களா?" ஆத்தப்பன் சிரித்தார். பசீர் சிரிக்கவில்லை.

பசீர் முதலில் கடிகார முகத்தை நாலைந்து கோணத்தில் போனில் படமெடுத்துக்கொண்டார். பின்மூடியைத் திறந்தார், முட்களை நெம்பி எடுத்தார், பக்கவாட்டில் இருந்த இரண்டு பொடித் திருகுகளைத் தளர்த்தினார். டயல் தனியாக வந்தது. எட்டணாக் காசைவிடக் கொஞ்சம் பெரிது. இவ்வளவுதானா என்று இருந்தது ஆத்தப்பனுக்கு.

தூசியை ஊதி, பஞ்சு முனையை ஈரமாக்கி ஒற்றிப் பார்த்தார் பசீர். மஞ்சள் அசையவில்லை. "மேல பூசின வார்னிஷ்தான் பழுத்திருக்கு. தண்ணிக்கெல்லாம் மசியாது. தின்னர் வெச்சா எண்ணும் சேர்ந்து போயிரும். கடைசியா கேக்கறேன்ணா."

"இப்படிக் குடுங்க பாய்."

ஆத்தப்பன் சட்டைப் பையிலிருந்து, கறை எடுக்கிற கெமிக்கல் இருந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். வேலையை விட்ட அன்று கம்பெனியிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே பொருள். பஞ்சை ஊசி முனைபோலத் திரித்து, குப்பியில் தொட்டு, வேட்டியில் ஒற்றி, பிறகு கறையின் வெளி ஓரத்தில் வைத்தார். தேய்க்கவில்லை. வைத்தார், எடுத்தார். வைத்தார், எடுத்தார். மூச்சு இரைக்கிற மனிதருக்கு அந்த அரை மணி நேரம் மூச்சே கேட்கவில்லை. மஞ்சள் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, நடுவில் கடுகளவு நின்று, போயே போய்விட்டது. கூடவே ஐந்து என்ற எண்ணின் வாலும், மூன்று நிமிடக் கோடுகளும் போயின.

"அடப் போங்கண்ணா!" என்றார் பசீர், பாதி வியப்பாக, பாதி வருத்தமாக.

போனதைத் திரும்ப வைப்பது பசீரின் பங்கு. போனில் இருந்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, ஐந்தின் வளைவைப் பக்கத்து எண்களோடு ஒப்பிட்டு, நிமிடக் கோடுகளோடு சேர்த்து வரைந்தார். தகடு செதுக்கினார். குழந்தைச் சட்டைக் கழுத்துக்கு வைத்திருந்த மிகச் சின்ன மொட்டை மாட்டி, பிளாஸ்டிக் தாளில் ஏழெட்டு முறை அடித்துப் பார்த்தார். புது மை கன்னங்கரேலென்று தனியாகத் தெரிந்ததால் துளி பழுப்பு கலந்தார். மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், மொட்டு டயலின் மேல் குனிந்து நிமிர்ந்தது. ஐந்து தன் இடத்தில் இருந்தது. எங்கே கறை இருந்தது என்று இருவராலும் காட்ட முடியவில்லை.

வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆத்தப்பன் புது ஆபீஸுக்குப் போனார். வேல்குமார் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடேங்கப்பா! அப்பா கல்யாணத்துல கட்டின மாதிரியே இருக்குதுங்க ஆத்தப்பண்ணா!"

"கறை ஒண்ணு இருந்துதுங்க தம்பி. எடுத்துட்டனுங்க."

"நீங்க எடுக்காம யாரு எடுப்பாங்க!" என்று சிரித்தார் வேல்குமார். காப்பி வந்தது. எழுதி வாங்க வேண்டும் என்பது ஆத்தப்பனுக்கு நினைவில்தான் இருந்தது. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்க வாய் வரவில்லை.

திறப்பு விழாவுக்கு அழைப்பு வரவில்லை. மறந்திருப்பார்கள் என்று பத்து நாள் கழித்து அவராகவே போனார். ரிசப்ஷனில் குளிர்பதனம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் குமாரசாமியின் மூக்குக் கண்ணாடி, முதல் கத்தரிக்கோல், பேனா, நடுவில் கடிகாரம். பக்கத்தில் இங்கிலீஷில் அச்சடித்த அட்டை. ஆத்தப்பனுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. லேபிளில் வரும் வார்த்தைகள் மட்டும் உருவத்தில் தெரியும். தன் பெயர் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். பேத்தி எழுதிக் காட்டியிருந்தாள். மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினார். கீழிருந்து மேலே தேடினார்.

அந்தப் பக்கமாக வந்த வர்ஷினி அவரைப் பார்த்துவிட்டு நடையைக் குறைத்தாள்.

"கண்ணு, இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

அவள் மெதுவாகச் சொன்னாள். "நிறுவனரின் திருமணக் கடிகாரம். வாழ்நாள் முழுவதும் அவர் பேணிப் பாதுகாத்தது."

"அவ்வளவுதானா?"

"நான் உங்க கதைய எழுதித்தான் குடுத்தேன் அங்கிள், சத்தியமா. சார்தான் எடுத்துட்டார். அந்தக் கெமிக்கல் பேரக் கேட்டாலே சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் குதிப்பான். ஆடிட் வேற வருது. கறை எடுக்கற ஆளு பேரு போட்டா, அவருக்கு மாஸ்க் குடுத்தீங்களா, இப்ப எப்படி இருக்கார்னு கேப்பாங்களாம்."

"வாட்ச்சு என்ற கைல இருபத்தாறு வருசம் கெமிக்கல் குடிச்சுதும்மா."

"டயல்ல அது தெரிஞ்சிருந்தா யாராச்சும் கேட்டிருப்பாங்க, சொல்லித்தான் ஆகணும். இப்ப ஒண்ணுமே இல்லையே அங்கிள். அவ்வளவு சுத்தமா இருக்கு."

"பாய்கிட்ட போட்டோ இருக்குது. கறையோட."

வர்ஷினி சுற்றும் முற்றும் பார்த்தாள். "அதை மட்டும் யாருக்கும் அனுப்பிராதீங்க. என் வேலை போயிரும் அங்கிள்."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வேல்குமார் உள்ளே வந்தார். ஆத்தப்பன் நேராக அவரிடம் போனார்.

"தம்பி, பேரு போடாட்டிப் போவுதுங்க. வாட்ச்சைத் திருப்பிக் குடுத்துருங்க."

வேல்குமாருக்குக் கோபமே வரவில்லை. தோளில் கைபோட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "என்னங்கண்ணா இது? அப்பா உங்களை நம்பிப் பத்திரமா வெச்சிருக்கத்தானே குடுத்தாரு. நீங்களும் அத்தனை வருசம் வெச்சிருந்து, புதுசாட்டக் கொண்டாந்து குடுத்துட்டீங்க. இந்தக் காலத்துல யாரு செய்வாங்க? உக்காருங்க, காப்பி சொல்றேன்." சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போனார். காப்பி வந்தது. ஆத்தப்பன் தொடவில்லை.

அவர் திரும்பவும் பெட்டியருகே போய் நின்றார். மூச்சு இரைத்தது. இடது உள்ளங்கையைக் கண்ணாடி மேல் ஊன்றிக்கொண்டார். மணிக்கட்டைச் சுற்றித் தோல் வெளுத்துத் திட்டுத் திட்டாக இருந்தது. கடிகாரம் மறைத்திருந்த வட்டம் மட்டும் கறுப்பாக, அவருடைய பழைய நிறத்தில்.

கையை எடுத்தபோது கண்ணாடியில் ஐந்து விரலும் வேர்வையோடு பதிந்திருந்தது. ஸ்ப்ரே பாட்டிலும் துணியுமாக ஓர் இந்திக்காரப் பெண் ஓடிவந்தாள். முகத்தைச் சுளிக்காமல், பழகிய வேகத்தில், ரேகையின் நடு மத்தியில் பீய்ச்சி அடித்துப் பரபரவென்று தேய்த்தாள். அது வெள்ளையாக இழுத்துக்கொண்டு பரவியது.

ஆத்தப்பனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அப்படி இல்ல கண்ணு," என்று துணியை வாங்கினார். ஓரத்திலிருந்து நடுவுக்கு, மெதுவாக, ஒற்றி ஒற்றி எடுத்தார். கடைசி விரலின் தடமும் போனதும் தலையைச் சாய்த்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, துணியை அவளிடம் மடித்துக் கொடுத்தார்.